அத்திமரத் தெருவுக்கு வழி

1

முதலில் மன்னிப்பு. நான் எழுத்தாளன் அல்லன். ரோக்காமால்வா என்னும் மலையுச்சி ஊரில் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டுபவன். தேவாலயம் எழுந்த நூற்றாண்டையும் கழிப்பறை இருக்கும் திசையையும் சொல்வது என் தொழில். ஒரு கதைக்காகத் தங்கள் நேரத்தைக் கோரும் துணிவு எனக்கு வந்திருக்கக் கூடாது. இதை எழுதுமாறு இஸோலீனா அம்மையார் கேட்டுக்கொண்டார். அவர் கேட்ட காரணத்தை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன். (அதற்குமுன் தாங்கள் விலகிக்கொள்ளலாம். விலகுவதே நல்லதாகவும் இருக்கலாம்.)

2

முதல் தொடக்கம்: "பள்ளத்தாக்கிலிருந்து எழுந்த மூடுபனி, ஒரு பழைய துயரத்தைப் போல ஊரை..."

கைவிட்டேன். இக்கதை தொடங்கிய நாளில் மூடுபனி இல்லை. நல்ல வெயில்.

இரண்டாம் தொடக்கம், செய்தி மட்டும்: எங்கள் ஊர் மென்பாறையின்மேல் நிற்கிறது. ஒரு மழைக்கால விடியலில் வடக்கு விளிம்பு உடைந்து, அத்திமரத் தெரு முழுவதும் பள்ளத்தாக்கில் விழுந்தது. தெருவார் விரிசலைக் கண்டு முந்தின நாளே வெளியேறியிருந்தனர். வாஸ்கோ மட்டும் மறுத்துவிட்டார். அவருக்காகத் தாமும் தங்கிய மனைவி இஸோலீனா, ரொட்டி வாங்கச் சென்றிருந்ததால் பிழைத்தார். வாஸ்கோவின் உடல் கிடைக்கவில்லை.

தெரு போயிற்று, எங்கள் நாக்கிலிருந்து போகவில்லை. கோட்டைக்கு வழி கேட்டால், "அத்திமரத் தெரு வழியா இறங்குங்க, அதான் குறுக்கு" என்று இன்றும் வந்துவிடும். உடனே நெற்றியில் தட்டிக்கொண்டு திருத்துவோம். ஒருநாள் காப்பிக்கடை ஃபியோரென்ஸோ திருத்த மறந்தார்.

3

வழி கேட்டவர், பெர்காமோவில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி. மதியத்துக்கு முன்பே முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். நானும் கடையில் இருந்தேன்.

"அண்ணே, நீங்க சொன்ன தெருவுக்கே தனியா டிக்கெட் போடலாம்!"

"எந்தத் தெரு?"

"அதான், அத்திமரத் தெரு. பழமெல்லாம் தரையில கொட்டிக் கெடக்கு. ஒருத்தர் கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சிட்டு இருந்தாரு."

ஃபியோரென்ஸோ சிரித்தார். "ஏம்மா, காலையிலயே ஒயினா?"

மூலை மேசையில் இஸோலீனா கோப்பையைக் கீழே வைத்தார். "எந்தக் கையில பிரஷ் புடிச்சிருந்தாரு?"

"இடது கைங்க. ஒரு விரல்ல கட்டு. 'வீட்டுக்காரி ரொட்டி வாங்கப் போயிருக்கா, வந்தா திட்டுவா, அதுக்குள்ள முடிக்கணும்'னாரு."

"முடிச்சாச்சா?"

"பாதிதான் ஆயிருக்கு."

"சோம்பேறி," என்றார் இஸோலீனா. "அன்னிக்கும் பாதிக் கதவுலதான் அவனை விட்டுட்டு வந்தேன்."

(அவர் அழுதார் என்று எழுதினால் கதைக்கு நலம். அவர் அழவில்லை. காப்பியில் இன்னொரு சர்க்கரை போட்டுக் கலக்கினார், கலக்கிக்கொண்டே இருந்தார்.)

4

நடந்ததைச் சொல்லி, பெர்காமோ பெண்மணியை அழைத்துக்கொண்டு, தெரு தொடங்கிய இடத்திலுள்ள கல்வளைவைத் தாண்டினோம். கம்பிவேலி. அதற்கப்பால் வெறும் காற்று. எங்கள் காலுக்கு வெகு கீழே தகைவிலான் குருவிகள் பறந்தன. அவருக்கும் இப்போது அதுவே தெரிந்தது. வேலியைப் பற்றிக்கொண்டு தம் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஓர் அத்திப்பழம் நசுங்கி ஒட்டியிருந்தது.

(ஒரு குறிப்பு: தெரியாதவர்க்கே அத்தெரு உண்டு. விழுந்தது என்று அறிந்தவர்க்கு வேலி. இதற்கு விளக்கம் தர இயலாமைக்கு வருந்துகிறேன்.)

அதன்பின் இஸோலீனா, வெளியூரார் எவர் வந்தாலும் ஒரு ரொட்டியைக் கொடுத்து, "பச்சைக் கதவு வீட்டுல குடுத்துடுங்க, நான் பின்னாலயே வர்றேன்னு சொல்லுங்க" என்று அனுப்பினார். எல்லோரும் ரொட்டியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினர். ஒரு பயணி வாஸ்கோவின் பதிலும் கொண்டுவந்தார்: "உப்பில்லாத ரொட்டி, எங்க ஊர்க் கடையோடதுதான். அவ எங்க? அவளையே வரச் சொல்லுங்க."

இஸோலீனாவும் அங்கே போக முயன்றார். கண்ணை மூடிக்கொண்டு, மறுபக்கமிருந்து, ஒருமுறை மிதமிஞ்சிக் குடித்துவிட்டு. ஒவ்வொரு முறையும் நெஞ்சில் வேலி இடித்தது.

5

கதையை நான் எழுதவேண்டிய காரணம் இது. அவர் சொற்களை அப்படியே தருகிறேன்.

"தம்பி, அவன் அந்தக் கதவை முடிக்கவே போறதில்ல. போறவங்க எல்லாம் 'வந்துடுவாங்க'ன்னு சொல்லிட்டு வர்றாங்க. நானும் பொய்ய ரொட்டியில சுத்தி அனுப்புறேன். நீ எழுது. எல்லாருக்கும் தெரியட்டும். தெரியாதவங்க ஒருத்தரும் இல்லன்னா யாரும் அங்க போகமாட்டாங்க, அவனும் காத்திருக்க வேண்டாம்."

"அப்புறம் அவர் என்ன ஆவாரும்மா?"

"செத்தவன் என்ன ஆவானோ, அது." எழுந்தவர் வாசலில் நின்றார். "உன் பேச்சு மாதிரி சுத்தி வளைக்காத. புரியற மாதிரி எழுது."

6

முடிவு ஒன்று: இதை நான் வெளியிடவில்லை. அம்மையாருக்கு இப்போது மறதி வரத் தொடங்கியிருக்கிறது. நேற்று ஃபியோரென்ஸோவின் பெயர் நினைவுக்கு வரவில்லை. இன்னும் சில குளிர்காலங்கள் பொறுத்தால், தெரு விழுந்ததையும் அவர் மறக்கக்கூடும். ரொட்டியோடு வளைவைத் தாண்டுவார். அங்கே அவர் காலின்கீழ் கல் இருக்குமா, காற்று இருக்குமா என்பதை...

(இவ்வாக்கியத்தை முடிக்கும் தைரியம் எனக்கு இல்லை.)

முடிவு இரண்டு: வெளியிடுகிறேன். கணவரை அவர் விடுவிக்கிறார். பிறகு ஒருநாள் அவர் மறந்துபோய் அங்கே சென்றால், பச்சைக் கதவைத் திறக்க ஆள் இருக்காது.

எதைத் தேர்வது என்று எனக்குத் தெரியவில்லை. தாங்கள் இதை இன்னொருவரிடம் சொன்னால் இரண்டாம் முடிவு, சொல்லாதிருந்தால் முதலாவது. இச்சுமையைத் தங்கள்மேல் வைத்தமைக்கு மீண்டும் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இதுவரை இழந்தவை: அத்திமரத் தெரு. அதன் வீடுகள். மரம். வாஸ்கோ. அங்கே செல்லக்கூடியவராக இன்று காலைவரை இருந்த தாங்கள்.