ஏஜெண்டு யாரு?

அன்னவாசல் பக்கத்திலிருந்து வந்த நீர்மூழ்கி மோட்டாரில் கருகிப்போன செம்புக் கம்பிக் காயிலைக் குறட்டால் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். என் மகள் சிவரஞ்சனி கடைக்குள் வந்து, போனில் வந்திருந்த கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னாள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம். இயற்பியலில் ஆராய்ச்சிப் படிப்பு, ஐந்து வருஷம். கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. அதற்கு மேல் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாதாமாதம் அவர்களே பணம் தருவார்கள். அவள் சொல்லி முடித்ததும் குறட்டைக் கீழே வைத்தேன்.

"ஏத்தா, ஏஜெண்டு யாரு?" என்றேன்.

"ஏஜெண்டெல்லாம் இல்லப்பா. நானேதான் அப்ளை பண்ணேன்."

"அப்ப காசு கேக்குறது யாரு?"

"யாருமே கேக்கல. அதத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்."

இலுப்பூரில் பன்னிரண்டு வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறேன். கடைக்கு வருகிற எவன் சொல்வதையும் நான் நம்புவதில்லை. 'ரெண்டு நாளாத்தாண்ணே ஓடல' என்பான். திறந்து பார்த்தால் ஒரு மாதமாக உள்ளே வெந்துகொண்டிருந்திருக்கும். காசு கேட்கிறவனையே நம்பாதவன், கேட்காதவனை எப்படி நம்புவேன்? ஏஜெண்ட் என்று ஒருத்தன் இருந்தால், ஏமாந்தாலும் அவன் வீட்டு வாசலில் போய் நிற்கலாம், சட்டையைப் பிடிக்கலாம், மண்ணை வாரித் தூற்றிவிட்டாவது வரலாம். இதற்கு நான் யார் வாசலில் போய் நிற்பேன்?

அவள் சும்மா இருக்கவில்லை. ஒரு நோட்டில் எல்லா வழியையும் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். வீட்டை ஈடு வைத்தால் பேங்கில் கல்விக் கடன். சென்னையில் ஒரு டிரஸ்டு கொடுக்கும் உதவித்தொகை, அது விமானச் சீட்டுக்குத்தான் காணும். மூன்றாவது இந்தக் கடிதம். நான் முதலாவதைத் தொட்டுக் காட்டினேன்.

"சும்மா கெடைக்கிறத விட்டுட்டு வீட்ட அடமானம் வைக்கச் சொல்றீங்களேப்பா, இது ஒங்களுக்கே நல்லாருக்கா?"

"பேங்கு மேனேஜர் இங்கிட்டுத்தான இருப்பாரு. ஒண்ணுன்னா போயி சத்தம் போடலாம்ல."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் மச்சினன் திருப்பதியிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. "அஞ்சு வருசம் சும்மா சோறு போடுறான்னா கிட்னிக்குத்தான் மச்சான்" என்றான். அவனைத் திட்டி அனுப்பினேனே தவிர, மனசு கேட்கவில்லை. கடிதத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். பதினொன்றாவது வரியில் பிடிபட்டது: வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை. அப்படி வா வழிக்கு என்று நினைத்துக்கொண்டேன். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடத்தில் பாடம் நடத்தும் வேலை என்று அவள் விளக்கினாள். என்னைக்கூட எலெக்ட்ரீஷியன் என்று சொல்லித்தான் வளைகுடாவுக்கு ஏற்றினார்கள். இறங்கிய மறுநாளிலிருந்து சிமெண்ட் மூட்டை தூக்கினேன்.

அன்றைக்கே அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கி பீரோ லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். ஏப்ரல் பதினைந்துக்குள் அவள் சம்மதம் சொல்ல வேண்டும். அதோடு பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தப்பினால் அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் பார்க்கலாம் என்றேன். பதிமூன்றாம் தேதி சாயங்காலம் அவள் கேட்கவில்லை. லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, எனக்கு ஒரு நாற்காலியையும் இழுத்துப் போட்டாள்.

"அந்த யுனிவர்சிட்டி புரொபசர் லைன்ல வாராங்க. ஒங்களுக்கு என்ன கேக்கணுமோ கேளுங்க. நான் இங்கிலீஷ்ல சொல்றேன்."

நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண்மணி திரையில் வந்தார். அங்கே காலை நேரமாம். கையில் பெரிய கோப்பை. பின்னால் ஒரு ஜன்னல் தெரிந்தது. அது நிஜ ஜன்னலா, ஒட்டி வைத்த படமா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வெளியே மரக்கிளை அசைந்தது. சரி, ஜன்னல்தான்.

என்ன வேலை, எத்தனை மணி நேரம், எங்கே தங்குவாள் என்று கேட்டேன். பதில்கள் ஒழுங்காக வந்தன. இவ்வளவு ஒழுங்காக வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

"பாஸ்போர்ட்டு யாருகிட்ட இருக்கும்னு கேளு."

"அதெல்லாம் கேக்கக் கூடாதுப்பா. அசிங்கமா நெனைப்பாங்க."

"கேளுத்தா."

அவள் நீளமாக ஏதோ கேட்டாள். அதில் பாஸ்போர்ட் என்ற சொல் இல்லை. நான்கு வருஷம் கண்ட நாட்டுக்காரர்களோடும் ஒரே அறையில் கிடந்தவன் நான். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். திரைக்கு நேராகக் குனிந்தேன்.

"மேடம். பாஸ்போர்ட் ஹூ கீப்? ஹோம்ல டெத், ஷீ கம்? யூ கிவ் பாஸ்போர்ட்?"

அந்த அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார். சிவரஞ்சனி என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை.

"மை வொய்ஃப் டெத். ஐ ஆஸ்க், ஐ ஆஸ்க். தே நோ கிவ்."

என் கையைப் பற்றியிருந்த அவள் பிடி தளர்ந்தது.

என் மனைவி திலகவதி ஊரில் காய்ச்சலில் இறந்தபோது இவளுக்கு ஒன்பது வயது. வளைகுடாவில் கம்பெனி மேனேஜரின் மேசை இழுப்பறையில் எங்கள் பாஸ்போர்ட்டுகள் ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்தன. காலையில் போய்ப் போய் அந்த மேசைக்கு முன்னால் நின்றேன். காண்டிராக்ட் முடிந்து, அவள் இறந்து பதினோரு மாதம் கழித்துத்தான் ஊருக்கு வந்தேன். ஓவர்டைம் காசுக்கு ஆசைப்பட்டு இருந்துவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. மாமன் வீட்டில் வளர்ந்த இவளும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள். நான் மறுக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மாட்டைப் போலக் கட்டிப் போட்டிருந்தார்கள் என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? பணத்தாசை பிடித்தவன் என்பதில் ஒரு மரியாதையாவது இருந்தது.

புரொபசர் எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார். பாஸ்போர்ட் அவளுடையது. அவள்தான் வைத்திருப்பாள். வேறு யாரும் வாங்கி வைக்கக் கூடாது. வீட்டில் ஒன்று என்றால் அன்றைக்கே கிளம்பலாம். பிறகு அவர் சிவரஞ்சனி பக்கம் திரும்பினார். குரல் மாறியது. உன் பாஸ்போர்ட் இப்போது வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இடுப்புச் சாவி சதையில் அழுந்தியது.

"நோ," என்றாள் சிவரஞ்சனி. "இட்ஸ் வித் மீ."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இந்தப் பிள்ளை இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல எப்போது கற்றுக்கொண்டது என்று அந்த நேரத்திலும் என் புத்தி சந்தேகப்பட்டது. அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. அப்படியொரு வெட்கத்தை அந்த மேனேஜர் மேசை முன்னால் நின்றபோதுகூட நான் பட்டதில்லை.

திரை அணைந்தது. அவள் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"எத்தன நாளுப்பா கேட்டீங்க?"

"மொதல்ல பத்தொம்போது நாளு. பெறகு வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை."

நான் எழுந்து போய் பீரோவைத் திறந்தேன். லாக்கர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அடம்பிடித்தது. திரும்பினால் அவள் பின்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தாள். பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அவள் அதன் ஒரு ஓரத்தைப் பிடித்தாள். அடுத்த ஓரம் என் விரல்களில் இருந்தது. விட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். விரல்கள் விடவில்லை. அவளும் இழுக்கவில்லை. அந்தச் சின்ன நீலப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்தபடி, இரண்டு பேரும் பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தோம்.