கழற்றி மாட்டும் பட்டி

செருப்பு கழன்று விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. நான்கு எட்டு நடந்துவிட்டாள். கையில் சென்ட் புட்டி, முகத்தில் கடை சொல்லிக்கொடுத்த புன்னகை, ஒரு கால் மேடு, ஒரு கால் பள்ளம். இடுப்பு என்னவோ சாய்கிற மாதிரி இருந்தது. தரையில்தான் ஏதோ ஓடு அமுங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பின்னால் வந்த வாடிக்கையாளர் அம்மாள் கூப்பிட்ட பிறகுதான் நின்றாள்.

"ஏம்மா, உன் செருப்பு அங்கயே நிக்குது பாரு!"

திரும்பிப் பார்த்தாள். பளபளவென்று துடைத்த தரையின் நடுவில் அவளுடைய கறுப்பு ஹீல்ஸ் ஒற்றையாக நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மாள் சிரித்தார், இவளும் சிரித்து வைத்தாள். திரும்பிப் போய், கண்ணால் பார்த்துப் பார்த்துக் காலைச் செருப்புக்குள் நுழைத்தாள். மேற்பார்வை அம்மாள் அந்த நேரம் பார்த்து மாடியில் இருந்தது இவள் செய்த புண்ணியம்.

கடையில் அவளை எல்லோரும் சென்ட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக சென்ட் விற்கிற மேஜைக்குப் பின்னால் நிற்கிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவது? அவளுக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம். முதலில் இடது பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் எந்நேரமும் கனமான காலுறை போட்டிருப்பது போல் இருந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. கெண்டைக்காலில் பாதிக்குக் கீழே அந்தக் கால் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வருடமாக இப்படித்தான். படியில் இறங்கும்போது பார்ப்பாள், பேருந்தில் ஏறும்போது பார்ப்பாள். மனுஷிக்கு எதுவும் பழகிவிடும். யாரிடமும் மூச்சு விடவில்லை. முக்கியமாக அக்காவிடம் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பது சுலபம். அந்தக் கடையில் தளத்தில் நிற்கிற பெண்கள் அத்தனை பேரும் இரண்டரை அங்குல ஹீல்ஸ் போட்டாக வேண்டும். போட முடியாதவர்களை முன்பெல்லாம் கீழே சரக்குக் கிட்டங்கியில் பெட்டி அடுக்க அனுப்புவார்கள். போன வருடம் கிட்டங்கியை வெளி ஆளுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். அதிலிருந்து, ஹீல்ஸ் போட முடியாதவர்களுக்கு வீடுதான். அவள் வேலை போனால் அக்காவின் தையல் மெஷினை நம்பித்தான் இரண்டு பேரும் உட்கார வேண்டும். அதில் வருவதோ கிழிசலும் ஜிப் மாற்றுவதும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் நடக்காதவள் போல் ஆரம்பித்தாள்.

"அக்கா, ஹீல்ஸ் நழுவுது. கழட்டி மாட்டற மாதிரி ஒரு பட்டி தைச்சுக் குடேன். இப்பல்லாம் அதுதான் ஸ்டைலு."

அக்கா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். அவளுக்கு ஐம்பத்தைந்து, இவளுக்கு நாற்பத்து மூன்று. அக்காவுக்கு இவள் இன்னும் பாப்பாதான்.

"கால் இளைச்சிருக்கும் பாப்பா. நீ எங்க ஒழுங்கா திங்கிற? காட்டு, அளவெடுக்கறேன்."

அக்கா தரையில் உட்கார்ந்து தங்கையின் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அளவு நாடாவைக் கணுக்காலில் சுற்றினாள். பழைய கைப்பை ஒன்றை அறுத்து அதன் தோலைப் பட்டியாக வெட்டினாள். செருப்பின் குதிக்கு முன்னால் அடிப்பாகத்தில் நுழைந்து, புறங்காலின் மேல் குறுக்கே ஏறி, கணுக்காலைச் சுற்றி வந்து ஒரு சின்ன வளையத்தில் மாட்டிக்கொள்கிற மாதிரி வடிவம். உறுத்தாமலிருக்க உட்புறம் மெல்லிய துணி. வெளிப்புறம் வரிசையாகக் கறுப்பு மணிகள். ஓட்டை போடுகிற ஊசியை எடுத்து ஐந்து ஓட்டைகள் போட்டாள். இரண்டு கால்களுக்குமாக இரண்டு பட்டிகள். முடித்துவிட்டுத் தன் மணிக்கட்டில் ஒன்றைக் கட்டிப் பார்த்து, வளையல் போல் ஆட்டிக் காட்டினாள்.

"யானையைக் கட்டினாலும் அறாது போ."

அவள் சொன்னது வாஸ்தவம்தான்.

மறுநாள் மேற்பார்வை அம்மாள் வந்தாள். அவள் வருவதற்கு முன்னால் அவள் குதியின் சத்தம் வரும், அதனால் டக்டக் என்று பேர். யார் சாய்ந்து நிற்கிறார்கள், யார் காலை மாற்றி மாற்றி வைக்கிறார்கள் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறவள். நேராக வந்து சென்ட்டின் காலைப் பார்த்தாள். சென்ட்டுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"என்ன இது?"

"பட்டி மேடம். அக்கா தைச்சது. கழட்டிடலாம். வேணாம்னா இப்பவே கழட்டிடறேன்."

"யார் கழட்டச் சொன்னது? நட."

நடந்தாள். டக்டக் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மத்தவளுங்க வாத்து மாதிரி நடக்கறாளுங்க. நீ ராணி மாதிரி நடக்கறியே. எல்லாருக்கும் ஒண்ணு தைக்கச் சொல்லு," என்றாள்.

பக்கத்து மேஜையில் உதட்டுச்சாயம் விற்கிறவளுக்கு ஏற்கெனவே வாத்து என்றுதான் பேர். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சென்ட்டும் சிரித்தாள், போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு. மறைப்பதற்காகக் கட்டிய பட்டி கடைக்கே சீருடையாகிவிட்டது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரம் வீடு முழுக்கத் தோல் துணுக்கும் மணியுமாகக் கிடந்தது. "பாத்தியா, என் தையலுக்கும் ஒரு காலம் வந்துச்சு" என்று மெஷினிடமே பேசிக்கொண்டு தைத்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோது, இனி இவளிடம் எப்படிச் சொல்வது என்று சென்ட்டு மென்று விழுங்கிக்கொண்டாள்.

நாள் முழுக்க நிற்கிறவர்களின் கால் மத்தியானத்துக்கு மேல் வீங்கும். காலையில் மூன்றாவது ஓட்டையில் கச்சிதமாக இருக்கிற பட்டி நாலு மணிக்கு அறுக்கும். அதனால் நாலு மணி ஆனதும் ஒவ்வொருத்தியாக மேஜைக்குக் கீழே குனிவாள். எதையோ தேடுகிற மாதிரி பாவனை செய்து, ஒரு ஓட்டை தளர்த்திக்கொண்டு, "அப்பாடா" என்று நிமிர்வாள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. வலி சொன்னது, கை போயிற்று, அவ்வளவுதான்.

சென்ட்டும் அவர்களைப் பார்த்து முதல் இரண்டு நாள் குனிந்து தளர்த்தினாள். தளர்த்தியதும் பயம் பிடித்துக்கொண்டது. செருப்பு இருக்கிறதா, போய்விட்டதா? ஆளோடு பேசிக்கொண்டே எத்தனை தடவை காலைக் குனிந்து பார்ப்பது? இறுக்கமாக இருந்தால் பார்க்க வேண்டியதில்லை. அந்த மாதம் பெரிய முதலாளி கடையைப் பார்க்க வருவதாகப் பேச்சு. என்றைக்கு வருவார் என்று தெரியாது. மற்றவர்கள் நாலு மணிக்குக் குனிந்து ஒரு ஓட்டை தளர்த்தினார்கள், அவள் குனிந்து இடது காலில் ஒரு ஓட்டை இறுக்கினாள். காலையில் மூன்றாவது, நாலு மணிக்கு நான்காவது. முதலாளி வரப்போகிறார் என்று உறுதியான அன்று காலையிலேயே ஐந்தாவது. பட்டி அசையவில்லை, செருப்பு அசையவில்லை. ஒன்பது நாள் அவள் தரையையே பார்க்காமல் நிமிர்ந்து நடந்தாள். இரண்டு வருடம் கழித்து அப்படி நடந்தது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

முதலாளி வந்தார், போனார். செருப்புப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் உடை மாற்றுகிற அறையில் வாத்து மூக்கைச் சுளித்தாள். "எலி எதுவும் செத்துக் கிடக்கா?" என்று அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சென்ட்டுக்கு ஒரு நாற்றமும் வரவில்லை. பதினோரு வருடம் சென்ட் அடித்து அடித்து அவள் மூக்கு எப்போதோ ஓய்ந்துவிட்டது. வாத்து மோந்துகொண்டே அறையைச் சுற்றி வந்து, கடைசியில் சென்ட்டின் முன்னால் நின்றாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"அடிப்பாவி, காலுறையைக் கழட்டு."

கறுப்புக் காலுறை புறங்காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பட்டி குறுக்கே போன இடம் முழுக்க, பட்டியின் அகலத்துக்கே, ஒரு வாய்க்கால் மாதிரி உள்ளே போயிருந்தது. விரல்கள் மூன்றின் நிறம் மாறியிருந்தது. வாத்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். சென்ட்டு அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல் குனிந்து பார்த்தாள். ஒரு நாளாவது ராத்திரியில் காலுறையைக் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் பார்த்திருந்தால்? அக்கா மறுபடி காலைத் தொட்டுப் பார்த்துவிடக் கூடாது என்று புதுக் காலுறை மாற்றுவதைக்கூடக் குளியலறை இருட்டில் செய்துகொண்டிருந்தாள். நான்கு நாளாக அதுவும் இல்லை, வருகிற அலுப்பில் அப்படியே படுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்ன வயசுக்காரர். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இவ்வளவு ஆகியும் வலிக்கலையாம்மா?"

"ரெண்டு வருஷமா அந்தக் கால்ல ஒண்ணுமே தெரியாது சார்."

முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னாள், அதுவும் பேர் தெரியாத ஒருவரிடம். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"விரலோட போயிடும்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா மேல ஏறிடுச்சு. கணுக்காலுக்கு மேல எடுத்தாத்தான் முழங்காலைக் காப்பாத்தலாம். நாளைக்குக் காலைல பண்ணிடணும். வீட்ல யாரு இருக்கா? கையெழுத்துப் போடணும்."

"அக்கா வந்துட்டிருக்கா. நானே சொல்லிக்கறேன் சார். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். காலில் வெள்ளைக் கட்டுப் போட்டு, மேலே போர்வையை இழுத்துவிட்டார்கள். சன்னலில் சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. கடையில் இந்நேரம் எல்லோரும் குனிந்து நிமிர்ந்திருப்பார்கள்.

அக்கா விழுந்தடித்துக்கொண்டு வந்தாள். தோளில் அளவு நாடா அப்படியே தொங்கியது. மேல்துணியில் நூல் கோத்த ஊசி குத்தியிருந்தது, எடுக்க மறந்திருக்கிறாள். கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். 

"பட்டி அறுத்துடுச்சாமே. உன் பக்கத்து மேஜைப் பொண்ணு போன்ல சொன்னா."

"அவ கிடக்கறா. பட்டியெல்லாம் ஒண்ணும் பண்ணல. பஸ்ல எவனோ மிதிச்சுட்டான். அது சீழ் வெச்சிடுச்சு."

"பாப்பா."

"நெஜமாக்கா."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"முப்பது வருஷமா தைக்கறேன். இறுக்கமா இருந்தா அரை மணி நேரத்துல சொல்லிடுவாங்க. குழந்தைக்குத் தைச்சா அழுது சொல்லும். அஞ்சு ஓட்டை எதுக்குப் போட்டேன்? வலிச்சா கை தன்னால போகுமேடி. உனக்கு மட்டும் ஏன் போகல?"

"வலிச்சுதுக்கா. வேலை மும்முரத்துல பொறுத்துக்கிட்டேன்."

"ரொம்ப வலிச்சுதா?"

"ஆமாக்கா. உயிர் போச்சு."

 உயிர் போகிற அளவுக்கு வலித்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது. வலித்திருந்தால் இவளும் நாலு மணிக்கு ஒரு ஓட்டை தளர்த்தி, அப்பாடா என்று நிமிர்ந்திருப்பாள். இப்போது எதைச் சொல்வது, எதை விடுவது? நாளைக் காலை ஆபரேஷனைச் சொன்னால் இரண்டு வருடத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்தைச் சொன்னால், மரத்த காலை மடியில் வைத்து அளவெடுத்து, யானைக்கும் அறாத பட்டியை இந்தக் கையால்தான் தைத்தோம் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அவள் மெஷின் பக்கம் போவாளா? கையெழுத்து மட்டும் வாங்கிவிட்டு மற்றதை விழுங்கிவிட முடியுமா என்று யோசித்தாள். முகட்டில் ஓடாமல் நின்ற மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

கால்மாட்டில் போர்வை விலகுகிற ஓசை கேட்டது.

"அமுக்கி விடட்டுமா?" என்றாள் அக்கா.

"ம்."

 பக்கத்துக் கட்டில் கிழவர் இருமினார். யாரோ தட்டைக் கீழே போட்டார்கள்.

"வலிக்குதாடி?"

"இல்லக்கா. மெதுவாத்தானே அமுக்கற."

"சுகமா இருக்கா?"

"சுகமா இருக்கு. இன்னும் கொஞ்சம் மேல."

 சென்ட்டு தலையைத் தூக்கிப் பார்த்தாள். அக்காவின் இரண்டு கைகளும் அவள் மடியிலேயே இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, சும்மா. அந்தக் கைகளைத்தான் அக்காவும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அவை யாருடையவை என்று தெரியாதவள் போல.

"எத்தனை நாளா?" என்றாள், நிமிராமல்.

  சென்ட்டு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். அக்கா நிமிர்ந்து அந்த விரல்களைப் பார்த்தாள். மாதமா, வருடமா என்று கேட்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அக்கா ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு கைகளையும் போர்வைக்குள் நுழைத்தாள். போர்வை மெல்ல ஏறி இறங்கத் தொடங்கியது. சென்ட்டு தலையணையில் கையை ஊன்றி எழுந்து, கண் கொட்டாமல் அந்த அசைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது நிற்கும் என்று பார்த்தால்தான் அவளுக்குத் தெரியும்.