நான் வள்ளமில்லை, அப்பா

பயப்படாமல் கேளுங்கள், இது நல்லபடியாக முடிந்த கதைதான். நடுவில் கொஞ்சம் நெஞ்சை அடைக்கும், அவ்வளவே.

தாழ்வுபாடு என்கிற எங்கள் தீவுக் கிராமத்தில் பக்கத்து வளவும் வீடும் பஸ்ரியனுடையது. கடலுக்குப் போகிறவர். மனைவி றஞ்சிதா. ஒரே மகள் டினோஜா. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும்போது கழுதையொன்று குறுக்கே வர, விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டாள். எங்கள் தீவில் தெரு கழுதைகளுக்குத்தானே சொந்தம். உயிர் தப்பியது. கால்களுக்கு உணர்வு திரும்பவில்லை. பிறகு வவுனியாவில் முதுகெலும்பு முறிந்தவர்களுக்கான ஒரு விடுதியில் தங்கி, சக்கரம் பூட்டிய சில்லுக்கதிரையைத் தானே ஓட்டப் பழகினாள். தையலும் பழகினாள். அங்கேயே இருந்து வேலை செய்யலாம் என்று சொன்னார்கள். பிள்ளைக்கு வீட்டுக்கு வரத்தான் ஆசை.

வீடோ மாரி வெள்ளத்துக்குப் பயந்து இரண்டடி உயர்த்திக் கட்டியது. மகள் வருமுன் படிகளை உடைத்துச் சாய்வு போட வேண்டும். பஸ்ரியன் மேசனைக் கூப்பிடவில்லை.

"எத்தினை வள்ளம் கரையேத்தினனான், எனக்குத் தெரியாத சாய்வோ?" என்றார்.

போட்டார். குட்டையாக, செங்குத்தாக. ஏறுகிறவர்களின் கால் வழுக்காமல் இருக்கச் சீமெந்தில் குறுக்கே வரம்பு வரம்பாகக் கீறிவிட்டார். மேலே விறாந்தைத் தூணில் கயிறு மாட்ட ஒரு இரும்பு வளையமும் பூட்டினார். அந்த வளையத்தை ஊரெல்லாம் கூட்டிவந்து காட்டினார்.

டினோஜா வந்த அன்று, கரையில் நின்ற ஆண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். கதிரையில் கயிற்றைக் கட்டி, இரண்டு பேர் மேலே இழுக்க, இரண்டு பேர் பின்னால் தள்ள, பிள்ளை விறாந்தையில் ஏறியது. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தக் கிழமை முழுக்க அவள் வளவுக்குள்கூட இறங்கவில்லை.

ஞாயிறு பூசைக்குக் கூட்டிப்போக ஆட்களைக் கூப்பிடட்டுமா என்று பஸ்ரியன் கேட்டபோதுதான் சொன்னாள்.

"வேண்டாம் அப்பா. நான் விடுதிக்கே திரும்பிப் போறன்."

"ஏன் பிள்ளை? இஞ்ச உனக்கு என்ன குறை? ஒரு குரல் குடுத்தால் பத்துப் பேர் வருவினமே."

"அதுதான் குறை. குரல் குடுக்க வேணும். முத்தத்தில இறங்கிக் காத்து வாங்கவும் ஊரைக் கூப்பிட வேணும். நான் வள்ளமில்லை, அப்பா."

மறுநாள் பஸ்ரியன் கடலுக்குப் போகவில்லை. மகள் கட்டிலில் இருந்த நேரம் பார்த்துச் சில்லுக்கதிரையை முற்றத்துக்கு இறக்கி, அதில் தானே உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாய்வில் ஏறப் பார்த்தார். வலை இழுத்து உரமேறிய கை அது. முதல் வரம்பில் சில்லு தட்டி நின்றது. இரண்டாவதில் கதிரை பின்னால் உருண்டது.

"இஞ்ச, பிடியடி!"

றஞ்சிதா மீன் அரிந்த கையோடு ஓடிவந்து பிடித்தாள். "நல்லாத்தான் கட்டியிருக்கிறியள். உங்களையே கரையேத்த ஏலேல்லை," என்றாள்.

அவர் எழுந்துபோய் அலவாங்கை எடுத்துவந்து சாய்வை உடைக்கத் தொடங்கினார். சத்தம் கேட்டு டினோஜா கட்டிலருகே இருந்த யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேணும். விடுதியில அப்பிடித்தான் சொன்னவை."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை."

"நீங்கள் கேட்டனீங்களோ?"

அவ்வளவு நீளத்துக்கு இழுத்தால், முற்றத்தில் நிற்கிற அந்தோனியார் சிலைக் கூடு குறுக்கே வந்தது. மகள் நினைவில்லாமல் கிடந்த நாட்களில் றஞ்சிதா நேர்ந்து கட்டிய கூடு. "அவரை அசைக்க விடமாட்டன்," என்று அவள் அதன் முன்னால் நின்றுகொண்டாள். பஸ்ரியன் தலையில் கைவைத்தார்.

"அவர் நிக்கட்டும் அம்மா," என்றாள் டினோஜா. "நேர இழுக்காமல் அவருக்கு முன்னால திருப்புவம். திரும்புற இடத்தில எனக்கு மூச்சுவிடச் சமதரை ஒண்டு வேணும்தானே."

அப்படியே கட்டினார்கள். இந்தமுறை ஒவ்வொன்றையும் மகளைக் கேட்டுக் கேட்டுத்தான் பஸ்ரியன் சாந்து குழைத்தார். வரம்பு இல்லை. ஓரத்தில் பிடிக்கக் குழாய். சீமெந்து நன்றாக இறுகும்வரை யாரையும் கால்வைக்க விடவில்லை.

பிறகு ஒரு காலை. பஸ்ரியன் கடலில். றஞ்சிதா அடுப்படியிலிருந்து, "பிள்ளை, தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்று கேட்டாள். பதில் இல்லை. அறையில் ஆளும் இல்லை, கதிரையும் இல்லை. அவள் போட்ட கத்தலில் நானும் வேலிக்கு ஓடிவந்தேன். படலை திறந்து கிடந்தது.

தெருவில் ஏறும் ஒழுங்கை முனையில் பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டபடி நின்றது. அதன் பக்கத்தில் டினோஜா. மடியில் பாணை வைத்துக்கொண்டு ஓட்டோக்காரனோடு எதற்கோ வாய் காட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிப்போட்டுப் போறதில்லையே? என்ர நெஞ்சு நிண்டுபோச்சு," என்றாள் ஓடிப்போன றஞ்சிதா.

"முந்தியும் நான் பாண் வாங்கச் சொல்லிப்போட்டோ போனனான்?"

திரும்பி வந்து மகள் சாய்வில் ஏறும்போது றஞ்சிதாவின் கை கதிரையின் முதுகைத் தேடிப் போவதைக் கண்டேன். அவள் அந்தக் கையை இழுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். அந்தோனியார் முன்னால் டினோஜா நின்று மூச்சு வாங்கினாள். திரும்பினாள். ஏறிவிட்டாள்.

மத்தியானம் பஸ்ரியன் வந்து மேசையில் பாணைக் கண்டார்.

"ஆர் போனது?"

"நான்."

"ஆர் தள்ளினது?"

"ஒருத்தருமில்லை."

அவர் மேசையடிக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டிருந்தார், வியர்வை துடைக்கிறவர் போல.

விடுதிப் பேச்சு அதன்பிறகு எழவில்லை. தையல் மெசின் விறாந்தைக்கு வந்தது. அந்த இரும்பு வளையத்தை அவர் கழற்றவில்லை, அதில் இப்போது வீட்டு ஆடு கட்டி நிற்கிறது.

அன்றைக்கு டினோஜா வாங்கிவந்த பாண் மடியில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. றஞ்சிதா நசுங்கிய பக்கத்தைப் பிய்த்துத் தன்னுடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துக்கொண்டாள்.