எள் வைத்த மூன்று உருண்டைகள்

பிப்ரவரி பதினாலுக்குப் பத்து நாள் முன்னாலிருந்தே கௌஸ் முகம்மதுவின் கேக் கிச்சனில் யாருக்கும் லீவு கிடையாது. தலைவலி, பல்வலி, ஊரில் தங்கச்சி கல்யாணம் என்று எதைச் சொன்னாலும் செல்லாது. அஜ்மான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் டயர் கடைக்கும் லாண்டரிக்கும் நடுவே கிடக்கிற அந்தக் கிச்சனிலிருந்துதான் துபாய், சார்ஜா காதலர்களுக்கெல்லாம் குச்சி கேக் போகிறது. கேக்கை உதிர்த்து, க்ரீம் விட்டுப் பிசைந்து, பெரிய நெல்லிக்காய் பருமனுக்கு உருட்டி, குச்சியைக் குத்தி, சிவப்புச் சாக்லேட்டில் முக்கி, தலையில் ஒரு சர்க்கரை இதயத்தை ஒட்டினால் முடிந்தது. கடையில் அதற்கு ஏதோ நாகரிகமான பேர் இருக்கிறது. செய்கிறவர்களுக்கு அது குச்சி கேக்தான்.

உருட்டுகிறவன் வேலுச்சாமி. முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன். உருண்டை ஒன்று இருபத்திரண்டு கிராம் இருக்க வேண்டும். முதல் மாதம் தராசில் வைத்து வைத்துப் பார்த்தான். இந்த மூன்று வருஷத்தில் தராசு அவன் உள்ளங்கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்து மேசையில் சாக்லேட்டில் முக்குகிறவன் ஜெயசீலன், நாகர்கோவில்காரன், வாய் ஓயாது. "எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை நாம எதுக்கு மக்கா காயணும்?" என்று சீசன் வந்தால் தினமும் ஒரு தடவை கேட்டுவிடுவான். சீசன் என்பது முதலாளியின் சொல். கௌஸ் முகம்மது கீழக்கரைக்காரர், ஐந்து வேளை தொழுகிறவர். காதலர் தினம் என்று அவர் வாயிலிருந்து வராது, பதினாலாம் தேதி சீசன் என்றுதான் சொல்வார். இதயத்தை விற்கலாம், பேரைச் சொன்னால்தான் பாவம் என்று ஜெயசீலன் முதுகுக்குப் பின்னால் சிரிப்பான்.

இந்த வருஷம் வேலுச்சாமிக்கு எந்தக் கேலிக்கும் சிரிப்பு வரவில்லை. ஜனவரி முப்பதாம் தேதி மத்தியானம் தம்பி அன்பரசன் போன் செய்து அப்பா போய்விட்டார் என்றான். அப்பா பேர் சோலைமலை. கருவேல விறகில் கரிமூட்டம் போட்டே காலத்தைக் கழித்தவர், அந்தப் புகையே நெஞ்சை அடைத்துவிட்டது. எடையில் ஏமாற்றுகிறான் என்று தெரிந்தும், கரி எடுக்க வருகிற லாரிக்காரனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தூக்குச்சட்டியிலிருந்து பாதிக் கஞ்சியை ஊற்றிக் கொடுக்கிற மனுஷன். சாப்பிட வந்தவனிடம் சண்டை போடக்கூடாது என்பார். அந்தக் குணத்தால் குடும்பம் முன்னுக்கு வரவில்லை, ஆனால் அந்தக் குணத்துக்காகவே வேலுச்சாமிக்கு அவர்மேல் உயிர்.

அன்றைக்கு முதலாளி அவனைத் தோளில் கை போட்டு உட்காரவைத்தார். "வேலு, இப்ப ஃப்ளைட் புடிச்சாலும் நீ வீடு போய்ச் சேர நாளைக்கு சாயங்காலம் ஆயிரும். அதுவரைக்கும் வச்சிருக்க மாட்டாக. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போ. டிக்கெட்டு நான் போட்டுத் தாரேன், என் வாக்கு" என்றார். சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. வேலுச்சாமி தலையாட்டினான். மூத்தவன் இருக்க, இளையவன் கொள்ளி வைத்தான்.

இரண்டு நாள் கழித்துத்தான் அவன் காலண்டரில் விரல் வைத்து எண்ணினான். பதினாறாம் நாள் பிப்ரவரி பதினாலில் வந்து நின்றது. முதலாளியிடம் போய்ச் சொன்னபோது அவரும் எண்ணிப் பார்த்தார். "பதினைஞ்சாம் தேதி போயிரு வேலு. ஒரு நாள்தானப்பா. உன் கை இல்லாம இந்த ஆர்டரை நான் எப்படி முடிக்க?" என்றார். ஒரு நாள்தான். ஆனால் பதினேழாம் நாள் போனால் வாசலில் பந்தல்கூட இருக்காது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததென்று நினைத்தவனுக்கு அந்தத் தெய்வமே கதவைச் சாத்தியது.

ஒரே ஒரு சலுகை கிடைத்தது. கிச்சனில் தினமும் முகம் மழித்திருக்க வேண்டும் என்பது சட்டம். காரியம் முடியும்வரை மழிக்க மாட்டேன் என்று வேலுச்சாமி நின்றான். முதலாளி ஒன்றும் கேட்காமல் தன் தாடிக்குப் போடுகிற வலையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதுதான் வேலுச்சாமியை இன்னும் எரித்தது.

பதிமூன்றாம் தேதி ஆத்தா மீனாம்பாள் போனில் பேசினாள். அழவில்லை. குரல் கட்டை மாதிரி இருந்தது.

"நீ மூத்தவன்யா. ஒங்கையால ஒரு உருண்டை போகாட்டி அவரு அலைவாரு. அங்கனக்குள்ளயே மூணு உருண்டை புடி. அப்பனுக்கு ஒண்ணு, தாத்தனுக்கு ஒண்ணு, பாட்டனுக்கு ஒண்ணு. எள்ளு வையி. காக்காய்க்கு வச்சுட்டுத் தள்ளி நில்லு. ஒத்த உருண்டையை எடுத்துட்டாப் போதும், மிச்ச ரெண்டையும் தண்ணியில விட்டுரு. உச்சிக்கு முன்னால முடிச்சிரணும்."

"காக்கா எடுக்காட்டி ஆத்தா?"

"எடுக்கும். ஒங்கப்பன் நீ குடுத்து வாங்காமப் போயிருவாரா?"

பதினாலாம் தேதி விடியற்காலையிலேயே சோறு வடித்து டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துப் போனான். வெளிச் சாப்பாட்டைக் கிச்சனுக்குள் கொண்டுவரக் கூடாது, அதனால் அது வாசல் லாக்கரில் இருந்தது. ஒன்பது மணிக்கு டீ பிரேக். பின்பக்கச் சுவரில் எப்போதும் நாலைந்து காக்காய் உட்கார்ந்திருக்கும். பதினைந்து நிமிஷம் கிடைத்தால் அங்கே வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். எட்டே முக்காலுக்கு முதலாளி உள்ளே வந்து, ஆர்டர் தேங்கிவிட்டது, இன்றைக்கு பிரேக் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலுச்சாமி கடிகாரத்தைப் பார்த்தான். ஊரில் இந்நேரம் தம்பி கண்மாய்க்கரையில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருப்பான். எதிரே பெரிய பாத்திரம் நிறைய, பிசைந்த கேக். மாவு எதுவானால் என்ன, பிடிக்கிறது மகன் கைதானே என்று தோன்றியது. அலமாரியில் பிஸ்கட்டுக்கு வைத்திருந்த கறுப்பு எள்ளில் மூன்று விரலால் கிள்ளி எடுத்து மாவில் போட்டான். இருபத்திரண்டு கிராமுக்குப் பழகிய கையை வலிய விரித்து, கை கொள்ளுமட்டும் அள்ளிப் பிடித்தான். "சோலைமலை" என்றான், உதடு மட்டும் அசைந்தது. அப்பாவை இதுவரை அவன் பேர் சொன்னதே இல்லை. அடுத்து தாத்தன் கருப்பணன், அதற்கடுத்து பாட்டன் வீரணன். அப்பாவின் உருண்டைதான் மூன்றிலும் பெரிசு. மூன்றையும் பட்டர் பேப்பரில் வைத்து மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினான். இரண்டு நிமிஷம் கிடைத்தால் சுவரில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடலாம்.

"வேலு! யல்லா, வண்டியில ஏத்த ஆளில்ல, வா!" முன்வாசலிலிருந்து முதலாளி கத்தினார்.

பெட்டிகளை ஏற்றி முடித்து அவன் திரும்பி வர இருபது நிமிஷம் ஆனது. பட்டர் பேப்பர் காலியாக இருந்தது.

"ஜெயசீலா, இங்க வச்சிருந்த மூணு உருண்டை எங்க?"

"நீ எந்த நெனப்புல உருட்டுன மக்கா? தேங்கா கணக்கா இருந்துச்சு. ட்ரேயோட சேந்து வந்துட்டுன்னு நானும் குச்சியக் குத்தி முக்கிட்டேன். பெறவுதான் பாத்தேன், பாக்ஸுல உக்காராது. ரிஜெக்டுல போட்டாச்சு."

ரிஜெக்ட் ஆனது டீ ரூமுக்குப் போகும். பசித்தவன் எடுத்துத் தின்னலாம். அப்பாவின் நெஞ்சில் குச்சியைக் குத்தின மாதிரி இருந்தது வேலுச்சாமிக்கு. கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினான்.

டீ ரூமில் கௌஸ் முகம்மது தனியாக நாற்காலியில் சாய்ந்திருந்தார். தர்மாகோல் பலகையில் இரண்டு சிவப்பு உருண்டைகள், தலையில் இதயத்தோடு, நின்றன. மூன்றாவதன் குச்சி முதலாளி கையில் வெறுமையாக இருந்தது. அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. போனது பெரிசு.

"வா வேலு. காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல, தலை சுத்திருச்சு. இதுல எள்ளு யாரு போட்டது? நல்லாத்தான் இருக்கு, அடுத்த வருசம் இதையே போடலாம் போலருக்கே."

வேலுச்சாமி கையுறையைக் கழற்றினான். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். தெய்வத்துக்குப் படைத்ததையே தொடாத மனுஷர், செத்தவருக்குப் பிடித்துவைத்ததைத் தின்றிருக்கிறார். ஆனால் சொல்லாமல் விட்டால் அப்பாவின் உருண்டை ரிஜெக்ட் கணக்கில் போய்விடும். அதை அவனால் தாங்க முடியவில்லை.

"அது எங்கப்பாவுக்குப் பிடிச்சு வச்ச உருண்டை பாய். இன்னிக்குப் பதினாறு."

மெல்லுவது நின்றது. முதலாளி எழுந்து வாஷ்பேசினுக்குப் போனார். தண்ணீரைத் திறந்துவிட்டு, "அஸ்தஃபிருல்லாஹ்" என்று முணுமுணுத்தபடி மூன்று தரம் வாய் கொப்பளித்தார். திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

"தெரியாமத் தின்னதை அல்லாஹ் மன்னிச்சிருவான். அவுக பங்கை நான் எடுத்துட்டேனே வேலு, அதுக்கு என்ன செய்ய?"

 வேலுச்சாமி குச்சிகளோடு இருந்த மற்ற இரண்டையும் எடுத்து மார்போடு வைத்துக்கொண்டான்.

"எங்க விடணும் அதை?"

"தண்ணியில. உச்சிக்கு முன்னால."

முதலாளி வண்டிச் சாவியை எடுத்தார். ஜெயசீலன் பின்னால் நின்று, ஆர்டர் என்னாகும் என்று கேட்டதற்கு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடலுக்குப் போகிற வழியில் அவர்தான் பேசினார். "எங்க வாப்பா மவுத்தானப்ப நான் இங்கதான் இருந்தேன். பெருநாளைக்கு ரெண்டு நாள் முன்னால. கடை நிறைய ஆர்டரு. போகல. கபுருல மூணு பிடி மண்ணு போட வேண்டிய கை, அன்னிக்கு பிஸ்கட்டுக்கு மாவு பிசைஞ்சுது. பன்னெண்டு வருசமாச்சு. இன்னும் அந்த மண்ணு எங்கையிலயே இருக்குற மாதிரிதான் இருக்கு."

வேலுச்சாமி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான். "அப்பிடின்னா, தெரிஞ்சுதான என்னைய நிறுத்துனீங்க பாய்?"

அவர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

கார்னிஷ் கடற்கரையில் பலூனும் பூவுமாகக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. வேலுச்சாமி ஆள் இல்லாத கல் ஓரமாக இறங்கினான். குச்சிகளை உருவினான். சர்க்கரை இதயங்களை நகத்தால் பெயர்த்தான். சிவப்பு ஓட்டை உடைத்து எடுத்துவிட்டு, உள்ளே இருந்த எள்ளும் மாவும் தெரிய, தாத்தனையும் பாட்டனையும் ஒவ்வொருவராகத் தண்ணீரில் விட்டான். விரல்களில் சிவப்பு ஒட்டியிருந்தது. மூன்று முறை முங்கி எழுந்தான்.

கௌஸ் முகம்மது செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார். "ஒங்கப்பாவுக்கு எம்மேல கோவம் இருக்குமா வேலு?"

"இருக்காது பாய். சாப்பிட வந்தவங்ககிட்ட அவரு கோவப்பட மாட்டாரு." ஈரம் சொட்டச் சொட்ட அவரை நேராகப் பார்த்தான். "எனக்கு இருக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இருக்கட்டும்" என்றார்.

கல்லின் மேல் வைத்திருந்த போன் அடித்தது. ஆத்தா.

"முடிச்சிட்டியாய்யா? தம்பி இங்க முடிச்சிட்டான். வச்சு ஒரு மணி நேரமாச்சு, காக்கா கிட்டயே வரல. ஊரே பாத்துக்கிட்டு நிக்குது. ஒன்னத்தான் தேடுறாரு போல. அங்கயாச்சும் எடுத்துச்சா?"

வேலுச்சாமி முதலாளியைப் பார்த்தான். அவர் தாடியில், உதட்டுக்குக் கீழே, சிவப்புச் சாக்லேட் ஒரு கீற்று இன்னும் காயாமல் இருந்தது.

"எடுத்துருச்சு ஆத்தா."

"எதை? எந்த உருண்டையை?"

"அப்பாவோடதை. மொதல்ல அதைத்தான் எடுத்துச்சு."

பதினாறு நாளாக மீனாம்பாள் அடக்கி வைத்திருந்தது அந்தப் பக்கம் உடைந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் வேலுச்சாமி நின்றான். அவள் விக்கி விக்கி, மூச்சு வாங்கி, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பசியோடயா வந்தாரு?"

"ஆமா ஆத்தா" என்றான். "காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடலையாம்."