அக்னஸுக்குக் கிடைத்த நாற்காலி

அந்த ஜூலை மாதம் பாலக்கரையில் அக்னஸைப் பார்த்து வாயைப் பிளக்காத ஆள் பாக்கியில்லை. பதினேழு வருஷமாக மிஷன் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் நின்றே காலம் தள்ளிய நர்ஸை ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். காலை ஒன்பதுக்குப் போனால் மாலை ஐந்துக்கு வீடு. சம்பளத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தலைக்கு மேலே ஃபேன், உட்காரக் கைவைத்த நாற்காலி, சுற்றிலும் துணியும் பஞ்சும் அடுக்கிய அலமாரிகள்.

"உங்களுக்கு மச்சம்தாங்க," என்றாள் அடுத்த வீட்டு லூர்துராணி. "நானெல்லாம் அடுப்படியிலேயே வெந்து சாக வேண்டியதுதான்."

அக்னஸ் சிரித்துவைத்தாள். உள்ளுக்குள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. இவள் கேட்டாளா இந்த நாற்காலியை?

வார்டு என்றால் அவளுக்கு உயிர். வலியெடுத்து வருகிறவளின் கையைப் பிடித்தால், பிள்ளையைத் துடைத்துத் தாய் பக்கத்தில் போடுகிறவரை விடமாட்டாள். டூட்டி முடிந்து மணி அடித்தாலும் சரி, பாதியில் இன்னொருத்தியிடம் தள்ளிவிட்டுக் கிளம்புகிற பேச்சே கிடையாது. கால் வீங்கி, இடுப்பு விட்டுப்போய்த்தான் வீட்டுக்கு வருவாள். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கதை ஆரம்பித்துவிடும். "இன்னைக்கு ஒரு வாண்டுங்க, வெளியே வந்ததுமே என் மூஞ்சியிலேயே அடிச்சிட்டான் ஒண்ணுக்கு!" புருஷன் தைரியராஜ் பேப்பருக்குப் பின்னாலிருந்து 'ம்' கொட்டுவான். பெரிய கடைவீதியில் ஒரு கம்பெனியில் கிளார்க் அவன். இருபது வருஷமாக வேண்டாவெறுப்பாகப் போய்வருகிறவன்.

அவளை ஏன் மாற்றினார்கள்? யோசித்து யோசித்து அக்னஸுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. ஜூன் மாதம் திருவெள்ளறையிலிருந்து பொன்னுத்தாய் என்று ஒருத்தியை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். தலைப்பிரசவம். தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றி, பிள்ளை மூச்சில்லாமல் வந்தது. "யாரு இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்" என்று டாக்டரம்மா அன்றைக்கே சொன்னார். சொல்லி என்ன? அடுத்த மாதமே மாற்றல் வந்தால் மனசு எதைத்தான் நினைக்கும்? பழி சொல்லாமல் நாசூக்காக நம்மை ஓரங்கட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டாள். போய்க் கேட்கவும் பயம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

அதற்காக ஸ்டோரில் ஏனோதானோ என்று உட்காரத் தெரியுமா அவளுக்கு? பாழாய்ப்போன குணம் கூடவே பிறந்தது. எலிப்புழுக்கையும் ஒட்டடையுமாகக் கிடந்த அறையை ஒரே மாதத்தில் பளிச்சென்று ஆக்கிவிட்டாள். கிழிந்த போர்வைகளைத் தானே தைத்தாள். கேட்ட சாமானைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள், அவசரம் என்றால் டாக்டர் சீட்டுக்கூடக் கேட்கமாட்டாள். ஆனால் வார்டிலிருந்து பச்சைப்பிள்ளையின் முதல் அழுகை கேட்கும்போதெல்லாம், ஆணா பெண்ணா என்று பாதி எழுந்து மறுபடி உட்காருவாள். சோறு இறங்கவில்லை. தூக்கம் போயிற்று. தலைவலி, படபடப்பு, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். ரத்தம் குறைச்சல் என்று டானிக் எழுதிக்கொடுத்தார்கள். தைரியராஜ் அந்தக் கருமத்தைத் தினமும் தானே ஊற்றிக் கொடுத்தான்.

மூன்று மாதம் பொறுத்தாள். அக்டோபரில் ஒரு நாள், வருவது வரட்டும் என்று, ஆஸ்பத்திரியை நடத்தும் கன்னியாஸ்திரீ மதரிடம் போய் நின்றாள்.

"மதர், அந்தத் திருவெள்ளறை கேஸ்ல என்மேல தப்புன்னா நேராச் சொல்லிடுங்க. இப்படி மூலையிலே போட்டு வைக்காதீங்க."

மதர் விழித்தார். "எந்தக் கேஸ்? என்ன தப்பு? உன் வீட்டுக்காரர்தானேம்மா பங்குச் சாமியார்கிட்ட சிபாரிசுக் கடிதம் வாங்கிட்டு வந்தாரு? உனக்கு உடம்பு முடியலை, உட்காருற வேலையாக் கொடுங்கன்னு. சாமியாரே கைப்பட எழுதினப்புறம் நான் எப்படி மறுக்கிறது?"

 அந்தச் சர்ச்சின் பங்கில் பள்ளிக்கூட இடமா, பியூன் வேலையா, எதற்கும் சாமியார் கடிதம்தான். எத்தனையோ பேர் பிழைப்புக்கு வழி செய்த கடிதம் தன் குடியைக் கெடுக்கும் என்று அக்னஸ் கண்டாளா!

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை மதர். வார்டுக்கே திருப்பி அனுப்பிடுங்க."

"அது நடக்காதும்மா." மதர் கனிவாகத்தான் சொன்னார். "உன் இடத்துக்கு ரோசரி வந்தாச்சு, நல்லாவும் பாக்குறா. ஸ்டோரை நீ வெச்சிருக்கிற மாதிரி இதுவரைக்கும் யாரு வெச்சிருந்தா? உன்னை விட்டா எனக்கு வேற ஆள் ஏது?"

அரைகுறையாகச் செய்திருந்தால் துரத்தியாவது விட்டிருப்பார்கள். ஒழுங்காகச் செய்து தன் வழியைத் தானே அடைத்துக்கொண்டாள் மகராசி.

ஆனாலும் வீட்டுக்கு நடக்கையில் மனசு கொஞ்சம் லேசாயிற்று. தன்மேல் தப்பில்லை, அதுவே பெரிசு. பாவம் மனுஷன், வீங்கின காலைப் பார்க்கச் சகிக்காமல் செய்துவிட்டார். எடுத்துச் சொன்னால் சாமியாரிடம் மறுபடி போவார், சாமியார் சொன்னால் மதர் தட்டமாட்டார்.

"ஏங்க, என் காலைப் பார்த்துட்டுத்தானே சாமியார்கிட்டப் போனீங்க? நல்ல மனசோடதான் செஞ்சீங்க, நான் கோவிச்சுக்கலை. எனக்காக இன்னொரு தடவை போங்க."

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த தைரியராஜ் அப்படியே நின்றான். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும், புண்ணியமாகப் போயிருக்கும். அன்றைக்குப் பார்த்துத்தானா அவனுக்கு உண்மை பேச வர வேண்டும்?

"காலுக்காக இல்லை அக்னஸ்."

"பின்னே?"

"இருபது வருஷம். கம்பெனிப் படி ஏறும்போதே எனக்குக் குமட்டும். உனக்கு ஒரு நாளாவது அப்படி இருந்திருக்கா? நொண்டிக்கிட்டு வந்தாலும் சிரிச்சுக்கிட்டு வருவே. வந்து நின்னு, அந்தப் பிள்ளை இப்படி, இந்தப் பிள்ளை அப்படின்னு... என்னாலே பொறுக்க முடியலை. என்னை மாதிரி அலுத்துப்போய் இவ வீட்டுக்கு வரமாட்டாளான்னு இருந்துச்சு."

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் கிட்டே போகவில்லை. பதினேழு வருஷமாகத் தன் சந்தோஷத்தையெல்லாம் யார் முன்னால் அவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவன் சாமியாரிடம் போகத்தான் போனான். "அன்னைக்கு முடியலைன்னே, இன்னைக்கு முடியுதுங்கிறே. விளையாட்டாப்பா இது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வந்து சொன்னான். அக்னஸ் "சரி" என்றாள்.

மறுநாள் காலை ரோசரி மூச்சிரைக்க ஸ்டோருக்குள் ஓடிவந்தாள். ஏப்ரன் எல்லாம் ரத்தம்.

"அக்கா, பிள்ளை பிறந்திடுச்சு, ரத்தம் நிக்கலை. துணியும் பஞ்சும் கொடுங்க, சீக்கிரம்!"

கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். அக்னஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சீட்டு எங்கே?"

"என்ன சீட்டு?"

"வார்டு டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு. அது இல்லாம சாமான் கொடுக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

ரோசரி திகைத்துப்போய் அவள் முகத்தையே பார்த்தாள். "அக்கா, நீங்களா பேசுறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சீட்டு வாங்க வார்டுக்குத் திரும்பி ஓடினாள்.

வார்டில் யாரோ அலறினார்கள். உள்ளே கிடக்கிறவளின் பேர் என்ன, எந்த ஊர் என்றுகூட அக்னஸ் கேட்டிருக்கவில்லை.