தேர்வுக் கட்டணமும் கழுவாத கோப்பையும்

நுழைவுத் தேர்வுக்குக் கட்டிய பணத்தை அரசாங்கம் திருப்பிக் கொடுக்கும் என்று சொன்னால், படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் முதலில் நம்புவதில்லை. தேர்வில் கோட்டை விட்டாலும் கொடுக்கும் என்று சொன்னால் என்னையே சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

பிரெமர்ட்டன் என்னும் கடற்படை ஊரில், கப்பல் தளத்திலிருந்து மேடேறினால் வரும் கல்லூரியில், முன்னாள் படைவீரர்களுக்கான உதவி மேசை என்னுடையது. பெயர் நெஸ்டர் தும்லாவ். நானும் கடற்படையில் எழுத்தராக இருந்தவன்தான். இந்த ஒரு விதியை விளக்குவதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை. மதிப்பெண் எடுத்ததற்காக இல்லை, போய் உட்கார்ந்து எழுதியதற்காகப் பணம். கேட்பதெல்லாம் பணம் கட்டிய ரசீதும், தேர்வு எழுதியதைக் காட்டும் முடிவுத் தாளும்தான்.

சீஃப் ரோலண்ட் ஹாகன் அந்த முடிவுத் தாளை என் மேசையில் வைத்தபோது அது முழுக்கக் கறுப்பாக இருந்தது.

"என்ன சீஃப் இது?"

"ரிசல்ட்டு."

"ஒண்ணுமே தெரியலியே."

"தெரியக் கூடாதுன்னுதானே அடிச்சிருக்கேன்? மார்க்கு ரகசியம்ப்பா. தெரிய வேண்டியவனுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

"அந்தத் தெரிய வேண்டியவன் நான்தான்."

"உனக்கு எதுக்கு மார்க்கு? நான் எழுதினேனா இல்லியா, அதானே கேள்வி?"

"உங்க பேரையும் அடிச்சிருக்கீங்க. தேதியையும் அடிச்சிருக்கீங்க. பக்கம் ஒண்ணுங்கறது மட்டும்தான் மிச்சம். எழுதினது நீங்கதான்னு இதை வெச்சு எப்படிச் சொல்றது?"

அவர் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆரம்பிச்சா நிறுத்த முடியல" என்றார். கடற்படையில் இருந்தவர்களுக்கு இது புரியும். ரகசியத் தாள்களில் கறுப்பு மை பூசிப் பழகிய கை அது.

சீஃப் என்பது அவருடைய பதவி. ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் ஊர் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. விமானந்தாங்கிக் கப்பலின் எஞ்சின் அறையில் காலத்தைக் கழித்ததால், யாரிடம் பேசினாலும் பின்னால் விசையாழி ஓடுவது போலவே பேசுவார். போகிற இடமெல்லாம் தன் காபிக் கோப்பையையும் கொண்டுபோவார். சீஃப்கள் கோப்பையைக் கழுவ மாட்டார்கள். உள்ளே படிந்த கறை எவ்வளவு தடிமனோ, அவ்வளவு அனுபவம் என்று கணக்கு. ஹாகனின் கோப்பைக்குள் தார்ச் சாலை போட்டது போலிருக்கும். விளிம்பில் ஒரு சிறு உடைசல் வேறு.

அவர் எழுதியது சட்டக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வு. படகுத்துறைச் சங்கம் அவருடைய மீன்பிடிப் படகை நிறுத்தும் இடத்தைக் கழிவுக் குழாய்க்குப் பக்கத்தில் தள்ளிவிட்டதில் ஆரம்பித்த விஷயம் அது. சங்கத்திடம் வக்கீல் இருந்தார், சீஃபிடம் குரல் மட்டும்தான் இருந்தது. தோற்றார். அதற்குப் பிறகு விதிப் புத்தகங்களைப் படிக்கத் தொடங்கி, ஓய்வூதியம் மறுக்கப்பட்ட பழைய மாலுமிகளுக்கு மேல்முறையீடு எழுதிக் கொடுத்து, அதில் சிலவற்றில் ஜெயித்தும்விட்டார். ஜெயித்த ருசி அவரை விடவில்லை.

நான் கணினியில் அவர் கணக்கைத் திறந்தேன். மிச்சம் பூஜ்யம்.

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். போதுமான காலம் சேவை செய்தவருக்கு முப்பத்தாறு மாதப் படிப்புச் செலவை அரசு ஏற்றுக்கொள்ளும். தேர்வுக் கட்டணம் அதற்கு வெளியிலிருந்து வருவதில்லை. அதையும் நாட்களாக மாற்றி, அந்த மாதங்களிலிருந்தே கழிப்பார்கள். மாதங்களைத் தானும் வைத்துக்கொள்ளலாம், மனைவிக்கோ பிள்ளைக்கோ எழுதியும் வைக்கலாம். ஆனால் வேலையில் இருக்கும்போதே எழுதி வைத்தாக வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு புதிதாக ஒரு பெயரைச் சேர்க்க வழியில்லை. அதனால் கப்பலை விட்டு இறங்கும் ஒவ்வொருவரிடமும் "பிள்ளை பேருக்கு ஒரு மாசமாவது போட்டுட்டுப் போ" என்று சொல்லி அனுப்புவோம். சீஃப் அரைகுறையாக எதையும் செய்பவரில்லை. ஒரு மாதம் போடச் சொன்னதற்கு முப்பத்தாறையும் மகள் மாரிட் பெயரில் போட்டுவிட்டு இறங்கிவிட்டார். அதோடு நிற்காமல், அவளுடைய பதினெட்டாவது பிறந்தநாளில், கேக் வெட்டும் முன் எழுந்து நின்று, "இது உன் சொத்து, இதை இனி எவனும் தொட முடியாது, நானும் தொட முடியாது" என்று நூறு பேர் முன்னால் முழங்கினார். நானும் அங்கே கேக்குக்காகக் காத்திருந்தேன்.

மாரிட்டுக்கு இப்போது இருபத்துநான்கு வயது. பயணப் படகில் கயிறு கட்டும் வேலை பார்க்கிறாள். ஒரு மாதத்தைக்கூடத் தொடவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே அவளுடைய ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை ஆறு வருடமாகக் கெடுத்துக்கொண்டிருப்பவர் இவர்தான்.

"வழியிருக்கு சீஃப்" என்றேன். "குடுத்தவர் எப்ப வேணும்னாலும் திருப்பி எடுத்துக்கலாம். அவ கையெழுத்துகூட வேணாம். நீங்களே மாத்திடலாம்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப ஒரே ஒரு மாசம் உருவிடு. அவளுக்குத் தெரியவா போவுது?"

"தெரியும். அவ கணக்குல முப்பத்தஞ்சுன்னு காட்டும்."

"அவ பாக்க மாட்டா."

"பாத்தா?"

"பாத்தா..." குரல் முதல்முறையாக இறங்கியது. "எங்கப்பன் பேச்சு மாறிட்டான்ம்பா. படிக்கலேன்னு கோவத்துல புடுங்கிட்டான்னு நெனப்பா."

"அப்ப அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

"என்னன்னு கேக்கறது? 'ஆறு வருஷமா உன்னைப் படி படின்னேன், நீ படிக்கல, நான் படிக்கறேன், குடுத்ததைத் திருப்பிக் குடு'ன்னா?"

"இல்லேன்னா அவளுக்கு இருபத்தாறு ஆகட்டும். அதுக்கு மேல பிள்ளைங்க பயன்படுத்த முடியாது. தானா உங்ககிட்டயே வந்துடும்னு வெச்சுக்கலாம்."

"அதுக்குள்ள எனக்கு அம்பத்தேழு ஆயிடும்டா! கோர்ட்டுக்கு நான் கைத்தடி ஊனிக்கிட்டா போறது?"

தேர்வுக் கட்டணம் சின்னத் தொகைதான். ஆனால் இந்தச் சின்னக் கதவு திறக்கவில்லையென்றால் பின்னால் இருக்கும் பெரிய கதவான சட்டக் கல்லூரியும் திறக்காது. அது அவருக்கும் தெரியும். மை பூசாத பிரதி எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சொன்னபடி வந்தார். பிரதியைக் கவிழ்த்து வைத்தார். பக்கத்தில் கோப்பையை வைத்தார். ஜன்னல் வழியாகத் தற்செயலாக வெளியே பார்த்தவர், மேட்டில் யாரோ ஏறி வருவதைக் கண்டதும் முடிவுத் தாளைச் சுருட்டிக்கொண்டு, நகல் எடுக்கும் இயந்திரம் இருக்கும் சிறிய அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். தீ விபத்து மணி அடித்தால்கூட அவர் அவ்வளவு வேகமாக ஓட மாட்டார்.

உள்ளே வந்தது மாரிட். ஆரஞ்சு நிறப் படகுச் சட்டை, கையில் ஓர் உறை.

"அங்கிள், ஒரு உதவி. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

ஒருவர் கணக்கை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. இன்னொருவர் காதில் விழவும் விடக்கூடாது.

"மாரிட், கொஞ்சம் இரு. இங்க நான் மட்டும் இல்ல—"

"தெரியும் அங்கிள், வரிசையில ஆள் இருக்கும், சீக்கிரம் முடிச்சிடறேன். நான் காலேஜ் நுழைவுத் தேர்வு எழுதிட்டேன்."

அறைக்குள் ஏதோ விழுந்தது.

"மாரிட், நான் சொல்றதைக் கேளு—"

"மார்க்கு கேவலம். கணக்கு பரவாயில்ல, இங்கிலீஷ்ல விழுந்துட்டேன். அதனாலதான் அப்பாவுக்குத் தெரியக் கூடாது. கப்பல் எஞ்சினியரிங் படிக்கப் போறேன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் சாப்பாட்டு மேசையிலேயே பாய்லர் வரைய ஆரம்பிச்சிடுவாரு. உருளைக்கிழங்கை வெச்சு விசையாழி காட்டுவாரு. ஏற்கெனவே ஒரு தடவை காட்டியிருக்காரு. ஃபெயிலானாலும் கட்டின பணம் வரும்னு படகுல ஒருத்தர் சொன்னாரு. நெஜமா?"

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "நெஜம். மார்க்குக்கு இல்ல, போய் எழுதினதுக்குத்தான்—" என்று ஆரம்பித்துவிட்டேன். பாதியில்தான் கவனித்தேன், அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. என் மேசையில் இருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பின் உடைசல். உள்ளே தார்ச் சாலை. மேலே மெல்லிய ஆவி.

"அங்கிள்" என்றாள் மெதுவாக. "இதை எனக்கு மூணு வயசுல நான்தான் ஒடைச்சேன்."

அதற்கு மேல் என்ன விதி இருக்கிறது? நான் எழுந்து போய் நகல் அறைக் கதவைத் திறந்தேன். சீஃப், இயந்திரத்துக்கும் காகிதப் பெட்டிகளுக்கும் நடுவில் வயிற்றை உள்ளிழுத்து நின்றுகொண்டிருந்தார்.

"நான் எதையும் கேக்கல" என்றார்.

"அப்பா!"

"உருளைக்கிழங்குல காட்டினா தப்பா? அன்னிக்கு உனக்கு நல்லாப் புரிஞ்சுதே!"

"நீங்க இங்க என்ன பண்றீங்க? என்னை வேவு பாக்கறீங்களா?"

"நான் எதுக்கு வேவு பாக்கப் போறேன்? நான் என் வேலையா வந்தேன்."

"என்ன வேலை?"

இங்கே சீஃப் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இதை நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அவர் கையில் சுருண்டிருந்த தாளை அவிழ்த்து, மதிப்பெண் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்தபடி மகளிடம் நீட்டினார்.

அவள் தலைப்பைப் படித்தாள். "லா காலேஜா? நீங்களா?" சிரிப்பாள் என்று அவர் பயந்தது முகத்தில் தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. "படகுத்துறைக்காரங்க செத்தாங்க" என்றாள்.

அதுதான் அவரை உடைத்தது. விசையாழியை நிறுத்தியது போலப் பேசினார். "எனக்கு ஒரு மாசம் வேணும் மாரிட். அப்புறம் இன்னும் கொஞ்சம். உன்னுதுன்னு சொல்லிக் குடுத்தேன். உன்கிட்ட சொல்லாமலே எடுத்துக்கலாம்னு இவன் சொல்றான்—"

"நான் கேக்கத்தான் சொன்னேன்!" என்றேன்.

"அப்ப கேளுங்க" என்றாள் மாரிட்.

"கேட்டேனே."

"வேணும்னு சொன்னீங்க. கேக்கல. முறையா கேளுங்க. அட்மிரலே வந்தாலும் அடுத்தவன் கப்பல்ல ஏறும்போது நின்னு அனுமதி கேக்கணும்னு எனக்குச் சொன்னது யாரு?"

கடற்படையில் இது சட்டம் போல. கப்பலின் தளத்தில் கால் வைக்கும் முன் விறைத்து நின்று அனுமதி கேட்க வேண்டும். கேட்கிறவர் தலைமுடி நரைத்தவராக இருக்கலாம், அனுமதி கொடுப்பவர் நேற்று சேர்ந்தவராக இருக்கலாம். அது விஷயமில்லை, யார் கப்பல் என்பதே விஷயம்.

சீஃப் ஹாகன் நகல் அறையின் வாசலில் குதிகால்களைச் சேர்த்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். மகளுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"கப்பல்ல ஏற அனுமதி கேக்கறேன்."

அவள் அவரை நன்றாகவே காக்க வைத்தாள். பிறகு பதில் சல்யூட் வைத்தாள்.

"அனுமதி தரேன். எனக்குப் பாதி போதும், படகுக் கம்பெனி மிச்சச் செலவைப் பாத்துக்குது. மீதியை நீங்க எடுத்துக்கோங்க. ஆனா ஒரு நிபந்தனை. அந்தக் கோப்பையைக் கழுவணும்."

சீஃப் கோப்பையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். உண்மையிலேயே யோசித்தார்.

"சட்டக் கல்லூரி வேணாம்" என்றார்.

"சரி, வேற நிபந்தனை. சாப்பாட்டு மேசையில பாய்லர் பாடம் கெடையாது."

"சம்மதம்" என்றார் உடனே.

இருவருடைய முடிவுத் தாள்களையும் நான் நகல் எடுத்தேன். எடுத்து முடிக்கும்வரை இருவரும் ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்க்க முயன்றார்கள். மாரிட் என் மேசையிலிருந்த கறுப்பு மைப் பேனாவை நோக்கிக் கை நீட்டினாள். அப்பனும் மகளும் ஒரே ரகம். அதை எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கிளம்பினார்கள். கதவு மூடுவதற்குள் அவர் குரல் கேட்டது: "இது சாப்பாட்டு மேசை இல்ல பாரு, அதனால சொல்றேன். மொதல்ல தண்ணி பாய்லருக்குள்ள எப்படி வருதுன்னா..."

கோப்பையை மறந்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்து எடுத்துப் போகும்வரை அதன் பக்கத்தில்கூடத் தண்ணீரைக் கொண்டுபோகவில்லை நான்.