ஏர் எடுக்க இரண்டு ஆள்

மங்களத்தின் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை ஜெகநாதன் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. லல்லாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த மாமனார் சாம்பசிவத்தைப் பக்கத்து இலையில் வைத்துக்கொண்டே, "ரயில்வேயில சுத்தியல் இருந்தா போதும். எங்க ஃபேக்டரியிலதான் மைக்ரோமீட்டர்" என்றான். சர்க்கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்த புதுசு. அப்படி வேலை கிடைத்தவன் அந்தக் காலத்தில் தரையில் நடந்ததாகத் தகவல் இல்லை. சாம்பசிவம் பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

அன்று முதல் மாமனாரும் மருமகனும் பேசுவதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு மங்களத்தின் வழியாகப் பேசுவார்கள். "உம் புருஷனுக்கு மோர் வேணுமான்னு கேளு" என்பார் அவர். "வேணாம்னு சொல்லு" என்பான் இவன். தபாலாபீசுக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு, மங்களத்துக்கு அதுவும் இல்லை.

அம்மா போய் வருஷம் திரும்பிவிட்டது. அப்பா லல்லாகுடாவில் ஒண்டியாகச் சோறு வடித்துக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். மல்லாபூருக்கு வந்து தங்களோடு இருக்கும்படி மங்களம் கெஞ்சினாள். "முகம் பாத்துப் பேசாத வீட்டுல நான் என்ன, காலண்டர் மாதிரி தொங்கறதா?" என்றார். புருஷனிடம் கெஞ்சினாள். "அவர் மொதல்ல பேசட்டும்" என்றான். அப்பா தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள் என்ற பயத்தில் அவளுக்குத் தூக்கம் போயிற்று. கடைசியில் விஜயதசமியன்று ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் வருவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

அழைத்து வரப் போனது ஜெகநாதனின் டீசல் ஜீப். ஃபேக்டரி ஏலத்தில் எடுத்த கிழம். எந்த மெக்கானிக்கும் அதைத் தொடக் கூடாது, எல்லாம் அவனே செய்வான். ஆயுத பூஜைக்கு முதல் நாள் டாங்கியைக் கழற்றிக் கசடு கொட்டி, ஃபில்டர் மாற்றி, டீசலைத் தன் பழைய வேட்டியில் வடிகட்டி ஊற்றினான். வேலை சுத்தம்தான், குறை சொல்ல முடியாது. மறுநாள் ஸ்பானர், அம்மி, தையல் மெஷின் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்த மங்களம் ஜீப்புக்கு வந்தாள். டாங்கி மூடியின் நடுவில் ஓர் ஊசித்துளை. பொட்டு வைப்பதற்கென்றே விட்ட இடம் என்று நினைத்து, சந்தனத்தைக் கனமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தாள்.

டீசல் குறையக் குறைய டாங்கிக்குள் காற்று போக வேண்டும், அதற்குத்தான் அந்தத் துளை. அதை அடைத்தால் டாங்கி டீசலை விடாது. இஞ்சின் மூச்சு முட்டி நின்றுவிடும். இது மங்களத்துக்குத் தெரியாது. தெரிந்த ஜெகநாதனோ சாமிப் பொட்டை உற்றுப் பார்க்கிற ரகம் இல்லை.

லல்லாகுடா வரை இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்த ஜீப், திரும்பும்போது தார்னாகாவில் நின்றுவிட்டது. பின் சீட்டில் மங்களம், முன்னால் இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீசல் குழாய்ல ஏர் பிடிச்சிருக்கு" என்றான் ஜெகநாதன், ஸ்டீயரிங்கிடம்.

இறங்கி டாங்கி மூடியைத் திறந்தான். உஸ்ஸென்று சத்தம் வந்தது. "பாத்தியா, உள்ள இருந்த ஏர் வெளிய போவுது" என்று மங்களத்துக்கு விளக்கி, மூடியை அவள் கையில் கொடுத்துவிட்டு, குச்சி விட்டுப் பார்த்தான். டீசல் இருந்தது.

ஏர் எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பம்பின் சின்னக் கைப்பிடியை அமுக்க வேண்டும். இன்னொருவர் ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்க வேண்டும்.

"உங்கப்பாவால அமுக்க முடியுமான்னு கேளு."

"முடியும்னு சொல்லு. நுரை வருதான்னு கேளு."

"வருதுன்னு சொல்லு. இப்ப நின்னுடுச்சு, நிறுத்தச் சொல்லு."

மங்களம் சொல்வதற்குள் டீசல் பீச்சி அவன் பண்டிகைச் சட்டையெல்லாம் நனைத்தது.

"யோவ், மூடுய்யா!" என்று சாம்பசிவம் நேராகவே கத்திவிட்டார்.

"மூடிட்டேன் மாமா!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, ஏதோ தப்பு நடந்துவிட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜீப் கிளம்பியது.

ஹப்சிகுடாவில் மறுபடியும் நின்றது. மறுபடியும் உஸ். அழுத்தி மூடிய டப்பாக்களைத் தினம் திறக்கிறவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? காற்று வெளியே வரவில்லை, உள்ளே போகிறது. மங்களம் கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தாள். டீசல் பட்டு இளகியிருந்த தன் சந்தனத்தைப் பார்த்தாள். கொண்டை ஊசியை எடுத்துக் குத்தினாள். துளை திறந்து வெளிச்சம் தெரிந்தது.

சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தாள். பானெட்டுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது.

"அந்த ஸ்பானர் நக்கோ, வேணாம். பெரிசா இருக்கு, திருகு மழுங்கிடும்."

"இதான் மாமா சைஸு."

"மைக்ரோமீட்டர் வெச்சுப் பாத்தியா?"

ஜெகநாதன் சின்ன ஸ்பானரை எடுத்தான். அவன் காது சிவந்தது.

மங்களம் யோசித்தாள். இனி வண்டி நிற்காது. கொஞ்ச நேரத்தில் மல்லாபூர், சாப்பாடு, ஆளுக்கொரு சுவர். சாயங்காலம் அப்பா திரும்பிப் போய்விடுவார். அம்பாளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மூடியில் ஒட்டியிருந்த சந்தனத்தைக் கட்டை விரலால் துளைக்குள் அழுத்தித் திணித்தாள்.

ஜீப் சொன்ன பேச்சைக் கேட்டு நாச்சாரத்தில் நின்றது. இந்தத் தடவை யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அன்னைக்கு பந்தியில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாமா."

பம்பு டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. நின்றது.

"கூடாதுதான்" என்றார் சாம்பசிவம். "நுரையப் பாருங்க மாப்ளே."

வீட்டில் கைக்குச் சோப்புப் போட்டும் டீசல் நாற்றம் போகவில்லை. அந்த நாற்றத்தோடே இருவரும் சாப்பிட்டார்கள், மோர் வேண்டுமா என்று நேரே கேட்டுக்கொண்டார்கள். மங்களம் ரசம் எடுக்கப் போகிற சாக்கில் சமையலறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷம்தான்.

"லல்லாகுடா போகணும்" என்றார் அப்பா, கை கழுவிவிட்டு.

"இன்னைக்கேவாப்பா?"

"என் ஸ்பானர் பெட்டி அங்க இருக்கு. துணிமணியும் எடுத்தாரணும். ஒரு நாள்ல முடியற வேலையா இந்த வண்டி?"

ஜெகநாதன் சாவியை எடுத்தான். "வழியில நிக்குமே மாமா."

"ஹவ், நிக்கும்" என்றார் சாம்பசிவம், செருப்பை மாட்டிக்கொண்டே. "நிக்கட்டும்."